முப்பத்தோராவது ஆள்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். காரட் சீவுகிற துருவி இல்லை, துருவித் துருவிக் கேட்கிற துருவி. ஐந்து வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, உள்ளே உட்கார்ந்து தட்டுவது யார் என்று பார்த்தவள். பன்னிரண்டு வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டியபோது நான்கு திருகாணிகள் மிச்சம் வந்தன. ரேடியோ பாடியது. அந்த நான்கும் எதற்கு இருந்தன என்பதுதான் அவளுக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

இப்படிப்பட்டவள் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. ஏழு வருடம் அங்கே. முதலாளி வேறு தொழிலுக்குப் போனபோது கடையை மூடினார்கள். அவள் மகள் படித்த பள்ளியிலேயே கணினி அறைக்கு உதவியாளர் தேவைப்பட்டது. அப்படித்தான் துருவி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மாடியில் கடைசி அறை. முப்பத்திரண்டு கணினிகள், அவற்றில் இரண்டு என்ன செய்தாலும் கண் திறக்காதவை. பாடம் நடத்துவது கம்ப்யூட்டர் மிஸ்ஸின் வேலை. காலையில் எல்லாவற்றையும் உயிர்ப்பிப்பது, மக்கர் பண்ணுகிற மவுசை மாற்றுவது, பிரிண்டரின் வாயில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவுவது எல்லாம் துருவியின் வேலை. பிள்ளைகள் அவளை லேப் அக்கா என்று கூப்பிட்டார்கள். ஏழாம் வகுப்பு ஏ பிரிவில் இருந்த அவள் மகளும் பள்ளிக்குள் அப்படியே கூப்பிட்டாள். முதல் நாள் அது காதில் விழுந்தபோது துருவி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். வீட்டுக்குப் போனதும், "லேப் அக்கா, பசிக்குது" என்று மகள் சொல்ல, அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளை. கம்ப்யூட்டர் மிஸ் தேர்வுத் தாள் வேலையாகக் கீழே போயிருந்தார். "பத்து நிமிஷம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. ஏழாம் வகுப்பு ஏ பிரிவு முழுவதும் அறையில் இருந்தது. முப்பது பிள்ளைகள், முப்பது கணினிகள், ஒருவர்கூட விடுப்பில்லை. அறை அமைதியாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரே அறையில் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்றால் துருவிக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிடும்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதே நேரத்தில் கதவோரத்தில் ஒரு பையன் தோள் குலுங்கச் சிரித்தான். நடு வரிசையில் இன்னும் மூன்று பேர். யாரும் யாரிடமும் பேசவில்லை. துண்டுச் சீட்டு எதுவும் கை மாறவில்லை. பள்ளியில் அரட்டைச் செயலிகள் எல்லாமே தடை செய்யப்பட்டவை, அந்தத் தடையை ஒவ்வொரு மாதமும் சரிபார்ப்பவளே அவள்தான். அப்படியானால் ஒரு ஜோக் ஜன்னலிலிருந்து கதவுக்கு எந்த வழியாகப் போகிறது?

பூனை மாதிரி நடந்து ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் "அறிவியல் செயல்திட்டம்: தவளையின் இதயம்" என்ற தலைப்பில் ஒரு பக்கம். பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதுகிற பக்கம். முதல் பத்தியில் தவளைக்கு மூன்று இதய அறைகள் என்று அழகாக எழுதியிருந்தது. அந்தப் பெண் இருந்த இடமோ நாற்பதாவது பக்கம். அங்கே தவளையும் இல்லை, இதயமும் இல்லை. ஆளாளுக்கு ஒரு நிறத்தில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா இப்ப எங்க?"

"யார் பின்னாலயோ நிக்கறாங்க."

"யார் பின்னால?"

அந்தப் பெண் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

துருவிக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் பெருமையாக இருந்தது. எல்லாக் கதவையும் அடைத்தோம், வீட்டுப்பாடக் கதவை மட்டும் திறந்து வைத்தோம், அது வழியாகவே ஊர்வலம் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் திரையின் மேல் மூலையில் ஒரு எண் கண்ணில் பட்டது. இந்தப் பக்கத்தை இப்போது எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எண். முப்பத்தொன்று.

தலைகளை எண்ணினாள். முப்பது. இன்னொரு தடவை, இந்த முறை கடைசி வரிசையிலிருந்து எண்ணினாள். முப்பதுதான்.

மணி அடித்தது. பிள்ளைகள் பக்கத்தை அவசரமாக மூடிவிட்டு விளையாட்டு மைதானத்துக்கு ஓடினார்கள். அறையில் யாரும் இல்லை. துருவி அந்தப் பெண் உட்கார்ந்திருந்த கணினியில், சற்றுமுன் பார்த்த பக்கங்களின் பட்டியலைத் தேடி எடுத்து, தவளையைத் திறந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் முப்பது பேரும் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் அவளைத் தவிர இன்னொருவர் இருந்தார். பெயர் கிடையாது. பெயர் சொல்லாமல் உள்ளே வருகிறவர்களுக்கு அந்த மென்பொருளே ஏதாவது ஒரு பிராணியின் படத்தை ஒட்டிவிடும். இவருக்கு வாய்த்தது ஆமை.

துருவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

முதல் இருபது பக்கம் பிள்ளைகளின் ராஜ்ஜியம். கணக்கு சாரின் தும்மல், சீருடையின் நிறம், லேப் அக்கா தனக்குத்தானே பேசிக்கொள்வது. அதைப் படித்துத் தனக்குத்தானே, "நான் எங்க பேசறேன்?" என்று கேட்டுக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆமை வந்தது.

"நான் பி செக்‌ஷன். நானும் வரலாமா?"

வரலாம் என்றார்கள். ஆமை வேடிக்கையாகப் பேசியது. கணக்குப் போட்டுக் கொடுத்தது. விளையாட்டுகளில் மாட்டிக்கொள்ளாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வழி சொன்னது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு கேள்விகள் வந்தன, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. யார் யார் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறீர்கள். யார் வீட்டில் சாயங்காலம் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். சீருடையில் படம் எடுத்துப் போடுங்களேன். நடுவே ஒரு வரி: "இதை வீட்ல சொல்லாதீங்க. சொன்னா இந்தப் பக்கத்தை மூடிடுவாங்க."

துருவியின் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆமை எழுதிய நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையோடு ஒப்பிட்டாள். போன வியாழன், பதினொன்று பத்து. அந்த நேரத்தில் பி பிரிவு முழுக்கத் தேர்வுக் கூடத்தில் பேனாவும் கையுமாக இருந்தது. அவளேதான் அங்கே காகிதக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆமை பி பிரிவு இல்லை.

இந்தப் பக்கத்தைத் தொடங்கியது யார் என்று பார்த்தாள். அவள் மகளின் பெயர் இருந்தது.

கை தானாகவே அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று. ஒரே அழுத்தில் தவளை, ஆமை, மகள் பெயர் எல்லாம் காணாமல் போய்விடும். யாருக்கும் தெரியாது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மொத்தத்தையும் பிரதி எடுத்துச் சேமித்தாள். ஆமை பேசிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து, தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

தலைமை ஆசிரியை எந்தத் தாளையும் இரண்டு தடவை படிப்பவர். இதையும் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரூமைப் பூட்டுங்க. ஒரு மாசத்துக்கு ஒரு பிள்ளையும் உள்ள போக வேண்டாம்."

"பூட்டலாம் மேடம். ஆனா இவங்க பேசறத நிறுத்த மாட்டாங்க. இங்க பேசினதாலதான் பின்னால நின்னு பார்க்க முடிஞ்சது. அடுத்து எங்க போய்ப் பேசுவாங்கன்னு நமக்குத் தெரியாது."

"அதுக்காக?"

"வெளியாள் வர்ற வழியை மட்டும் அடைச்சிடலாம். கம்ப்யூட்டர் மிஸ் ரெண்டு நிமிஷத்துல பண்ணிடுவாங்க. போலீஸுக்குச் சொல்லிடலாம்."

தலைமை ஆசிரியை தாள்களை மறுபடி புரட்டினார். "இதை ஆரம்பிச்சது யாரு?"

அச்செடுத்த தாள்களில் அது இல்லை. துருவி நினைத்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"என் பொண்ணு மேடம்" என்றாள்.

தலைமை ஆசிரியை தொலைபேசியை எடுத்தார்.

இணையக் குற்றப் பிரிவிலிருந்து மறுநாள் காலை ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் துருவி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர், அன்று காலை ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் போய் அலமாரி மேலிருந்த டேப்லெட்டைத்தான் எடுத்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடறேன். ஹால்ல உக்காந்துதான் பார்க்கணும்னு சொன்னோம். ஹால்ல உக்காந்துதானே இவ்வளவும் நடந்திருக்கு?"

"நாமளும் ஹால்லதாங்க இருந்தோம். ஒரு நாளாவது என்ன பண்றன்னு பக்கத்துல உக்காந்து கேட்டோமா?"

அவர் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போடவும் இல்லை, வைக்கவும் இல்லை.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தவளை விஷயமா?" என்றாள்.

"ஆமை விஷயம்" என்றாள் துருவி.

மகள் உள்ளே போய், புத்தகப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துவந்து நீட்டினாள். துருவி பிரித்தாள். முதல் பக்கத்தில் "ஆமை யார்?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே வரிசையாக, கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும்.

"நம்ம ஸ்கூல்ல தண்ணிக் குழாய் எந்தப் பக்கம்னு கேட்டேன்மா. மறந்துட்டேன்னு சொல்லிச்சு. யாராவது தண்ணிக் குழாயை மறப்பாங்களா? பி செக்‌ஷன் மிஸ் இன்னைக்கு என்ன கலர் டிரஸ்னு கேட்டேன். கவனிக்கலன்னு சொல்லிச்சு. அப்பவே எனக்குத் தெரியும், இது பி செக்‌ஷன் இல்லன்னு."

"தெரிஞ்சதும் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா மூடிடுவீங்க. எல்லாரும் என்னாலதான் மூடிட்டாங்கன்னு சொல்லுவாங்க." குரல் கொஞ்சம் தளர்ந்தது. "அப்புறம், யாருன்னு கண்டுபிடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

துருவி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். கடைசியாக எழுதியிருந்த வரிமேல் விரலை வைத்தாள். "சனிக்கிழமை 4 மணி. நூலகத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தம்."

"இது என்ன?"

"ஆமை தனியா பேசணும்னு வேற ஒரு பக்கம் திறந்து கொடுத்துச்சு. நேர்ல பார்க்கலாமான்னு கேட்டுச்சு. நான் சரின்னு சொல்லிட்டேன்." அவசர அவசரமாகச் சேர்த்தாள், "நான் அங்க நிக்க மாட்டேன்மா. எதிர்ல நூலகத்து மாடி ஜன்னல்லேருந்து பார்ப்பேன். ரெண்டு பேர் கூட வர்றாங்க. யார் வர்றாங்கன்னு பார்க்கத்தான். தூரத்துலேருந்து."

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். துருவிக்கு வாய் வரை வந்த வசவு அங்கேயே நின்றுவிட்டது. கடிகாரத்துக்குள் யார் தட்டுகிறார்கள் என்று பார்க்கப் போன அதே ஆசைதான் இது. ஆனால் கடிகாரம் யாரையும் திரும்பப் பார்க்காது.

"நீ ஜன்னல்லேருந்து அந்த ஆளைப் பார்ப்ப, சரி. அந்த ஆளு எங்கேருந்து உன்னைப் பார்ப்பான்னு யோசிச்சியா? நாலு மணிக்கு நிறுத்தத்துக்கு வரணும்னு என்ன இருக்கு? மூணு மணிக்கே நூலகத்துக்குள்ள வந்து உக்காந்திருந்தா?"

மகள் யோசித்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு ஓடுவது தெரிந்தது. சீருடை என்ன நிறம் என்று ஆமைக்குத் தெரியும். சனிக்கிழமையானாலும் அவள் தலையில் கட்டுகிற நாடா எது என்று தெரியும், அவளேதான் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். திடீரென்று வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நான் நிறைய சொல்லிட்டேன்மா."

"இப்ப எங்ககிட்டயும் சொல்லிட்ட இல்ல. போதும்" என்றார் அப்பா. டேப்லெட்டை அலமாரி மேலேயே திரும்ப வைத்தார்.

புதன்கிழமை வந்த பெண் அதிகாரி சாதாரண உடையில் இருந்தார். மகளின் நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "தண்ணிக் குழாய் கேள்வி நல்லா இருக்கு பாப்பா" என்றார். மகள் முகம் மலர்வதற்குள் அடுத்ததையும் சொன்னார். "ஆனா அதுக்கு அவன் திணறினான் பாரு, அங்கேயே நிறுத்திட்டு அம்மாகிட்ட ஓடியிருக்கணும். அதுக்கப்புறம் கண்டுபிடிக்கறது எங்க வேலை. இனி அந்தப் பக்கத்துல ஒரு எழுத்துகூட நீ எழுதக் கூடாது. நாங்க பார்த்துக்கறோம்."

தவளைப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஆமை, அதற்குள் தனிப் பக்கத்தில் வந்து ஏன் தன்னால் உள்ளே வர முடியவில்லை என்று கேட்டிருந்தது. ஏதோ கோளாறு, மிஸ் சரிபண்ணுவதாகச் சொன்னார் என்று மகள் பெயரில் அதிகாரியே பதில் எழுதினார். ஆமை நம்பியது. சனிக்கிழமை மறக்காதே என்றது.

சனிக்கிழமை வந்தது. அம்மாவும் மகளும் வீட்டை விட்டு நகரக் கூடாது என்பது உத்தரவு. மூன்று மணியிலிருந்து துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் அதிகாரிக்கே போன் போட்டாள்.

"மேடம், நான் மட்டும் நூலகத்து மாடியிலேருந்து ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

"உங்க பொண்ணும் புதன்கிழமை இதையேதான் கேட்டா" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனை வைத்துவிட்டார்.

ஐந்தேகாலுக்குத் தகவல் வந்தது. ஆள் வந்தான். மூன்றரை மணிக்கே வந்துவிட்டான், வந்து உட்கார்ந்த இடம் நூலகத்தின் வாசிப்பு அறை. நாற்பதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பத்திரிகை. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதிகாரி மகள் பெயரில் ஒரு வரி அனுப்பியபோது அவன் கையிலிருந்த போன் சிணுங்கியது. கையும் களவுமாகப் பிடித்தார்கள். இந்த ஊருக்கும் பள்ளிக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வகுப்பில் ஒரு பையன், நண்பன் ஒருவனுக்காகத் தவளைப் பக்கத்தின் முகவரியை ஒரு விளையாட்டுக் குழுவில் போட்டிருக்கிறான். அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. ஆளின் போனில் இன்னும் இரண்டு பள்ளிகளின் பக்கங்கள் திறந்திருந்தன.

மூன்றரை மணி என்றதைக் கேட்டதும் மகள் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று. துருவி போய்ப் பார்த்தபோது, டம்ளரைக் கையில் பிடித்தபடி சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் அது அபூர்வம்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். முகவரியைப் போட்ட பையன் அழுதான். அவனைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை, பக்கத்தைத் தொடங்கியவளையும் நிறுத்தவில்லை. தவளைப் பக்கம் திரும்பி வந்தது, பள்ளிக் கணக்கு உள்ளவர்கள் மட்டும் நுழையலாம் என்ற ஏற்பாட்டோடு. தெரியாத பெயரோ படமோ கண்ணில் பட்டால் உடனே லேப் அக்காவைக் கூப்பிட வேண்டும் என்ற விதியைப் பிள்ளைகளே எழுதிக்கொண்டார்கள். லேப் அக்கா வாரம் ஒருமுறை மட்டும், சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்க்கலாம் என்று இன்னொரு விதி. சொல்லாமல் வரக் கூடாதாம். அதில் அவர்கள் கறாராக இருந்தார்கள். துருவி ஒப்புக்கொண்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு அப்பா எழுந்தார்.

"பிள்ளை என்ன பார்க்குதுன்னு எல்லாத்தையும் நமக்குக் காட்டற மாதிரி ஒரு ஆப் சொல்லுங்க. போட்டுடறேன்."

"இருக்கு சார். நான் போட்டுத் தர்றேன். ஆனா அது காட்டறதைவிட, பிள்ளையே வந்து காட்டினா சீக்கிரம் தெரியும். என் பொண்ணு மூணு வாரம் காட்டல. காட்டினா நான் மூடிடுவேன்னு நினைச்சா. நினைச்சது தப்பும் இல்ல, அன்னைக்கு மூடியிருப்பேன்."

அந்த அப்பா உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்து, ஆப்பையும் போடச் சொல்லி போனை நீட்டினார். போட்டுக் கொடுத்தாள். "பிள்ளைகிட்ட சொல்லிட்டு ஆன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் கணினி அறைக்கு இடைவேளையில் ஆள் வரத்து கூடிவிட்டது. பாஸ்வேர்டை யாரிடம் சொல்லலாம், படத்தைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியுமா, விளையாட்டில் தினமும் வணக்கம் சொல்லுகிற ஆள் நல்லவனா என்று கேள்விகள். பாதிக்குத் துருவிக்கே பதில் தெரியாது. "வா, பார்க்கலாம்" என்று சேர்ந்து தேடினாள்.

ஒரு மதியம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாதி பயமும் பாதி ஆவலுமாக வந்து நின்றாள். வீட்டில் பாடம் படிக்க அவளுக்குக் கொடுத்திருக்கும் போனுக்கு ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வருகிறதாம். எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாய், இடுப்பு அளவு என்ன, அம்மாவிடம் சொல்லாதே என்றெல்லாம் கேட்கிறதாம். துருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேரே தலைமை ஆசிரியை அறைக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் போட்டு, செய்தி வந்த எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்கே பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் அம்மா திரும்ப அழைத்தார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"அது அவ சித்திங்க. புது நம்பர் வாங்கியிருக்கா. எனக்குத் தெரியாம இவளுக்குப் பிறந்தநாள் டிரஸ் தைக்கக் கொடுக்கப் போறாளாம்."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "சாரி அக்கா. சித்தின்னு தெரியாது."

"தெரியாததாலதானே கேட்ட" என்றாள் துருவி. "என்ன கலர் டிரஸ்னு சித்திகிட்ட கேட்டுச் சொல்லு."